கப்பலுக்கு முந்திய மாதம்

வேலை போன அன்று நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. பத்து வயதில் பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவ ஆரம்பித்து, பதினான்கு வயதில் கத்தி பிடித்து, இருபத்திரண்டு வயது வரை ஒரே தோட்டத்தில், கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவள் நான். என் நிரையில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், எதில் பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வெளியே வழியும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவளை விடியற்காலைப் பெரட்டில் எல்லோரோடும் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்த, கணக்கெழுதும் கிராணி, என் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் இங்கேதான் நிற்கிறேன் என்று கையைத் தூக்கினேன்.

“ஒம் பேர வெட்டியாச்சு,” என்றார், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

கித்தா விலை விழுந்த காலம் அது. எங்கள் கூலி வீட்டு வரிசையான லயத்தில் பாதிப் பேரை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். துரை பெரிய மனது பண்ணி ஒரு மாதம் லயத்து வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றார். அதற்குள் லேபர் ஆபீசில் பெயர் கொடுத்தால் கவர்மெண்டே சும்மா டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுமாம். ஊர் என்றால் இந்தியா. கங்காணி இதைக் கல்யாணச் செய்தி சொல்கிறவர் மாதிரி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார்.

என் கணவருக்கு அது கல்யாணச் செய்திதான். சேலத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அம்மா உயிரோடு இருந்தாள், தம்பிமார் இருந்தார்கள், மழை பெய்தால் விளையும் ஒரு துண்டுக் காடு இருந்தது. எனக்கு அங்கே யாரும் கிடையாது. நான் ஜொகூரில், பெக்கான் நானாஸ் பக்கத்து இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என்னைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே வருடத்துக் காய்ச்சலில் போய், தோட்டத்துச் சுடுகாட்டில் இருக்கிறார்கள். கப்பலை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

மூன்று நாள் சண்டை போட்டோம். அவர் கையை ஓங்குகிற ஆள் இல்லை. அதனால் சண்டை வாயோடு நின்றது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“கப்பலுக்குக் கூட்டிட்டுப் போக மாசக் கடைசில லாரி வருது. அதுக்குள்ள வேலை கெடச்சா இங்கயே இருந்துக்கலாம். கெடைக்கலன்னா வாய மூடிக்கிட்டு கப்பல் ஏறணும். சரியா புள்ள?”

“சரி. நீங்களும் தேடுங்க.”

“நான் எதுக்குத் தேடுறேன்? எனக்குத்தான் கப்பல் இருக்கே.”

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்தச் சிரிப்புக்காகவே நான்கு வருடத்துக்கு முன்னால் அவரைக் கட்டிக்கொண்டேன். ஆனால் அன்று அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டே இரு, வேலையோடு வந்து நிற்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே அடுத்த தோட்டத்துப் பெரட்டில் போய் நின்றேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்றால் யாராவது வராத ஆளுக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைப்பு. அன்று வராத ஆளே இல்லை. செத்துக்கொண்டிருப்பவன் கூட எழுந்து வந்து நிற்கிற காலம். வரிசை கலைந்த பிறகு அங்கிருந்த கங்காணியிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

“புருஷன் எங்க?”

“வரல. வேலை எனக்குத்தான்.”

“தனிப் பொம்பளைக்கெல்லாம் வேலை கொடுத்தா எனக்குத்தான் தலைவலி. புருஷனக் கூட்டிட்டு வா.”

“அவர் வந்தா அவருக்கு வேலை இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குக் கூட்டிட்டு வரணும்?”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பதில் தெரியாத கேள்வி கேட்டால் எல்லா ஊர்க் கங்காணிக்கும் கோபம் வரும். போ போ என்று பிரம்பால் காற்றை விரட்டினார். நான் போனேன். ஆனால் ஓடவில்லை.

அதற்கப்புறம் எத்தனை இடம் ஏறி இறங்கினேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. காலில் செருப்பு கிடையாது. சடக்கில், அதுதான் ரோட்டில், போட்டிருந்த ஜல்லி உள்ளங்காலில் குத்திக் குத்தி மரத்துப்போனது நினைவிருக்கிறது. அந்தச் சடக்கைப் போட்டுக்கொண்டிருந்த கும்பலிடமும் கேட்டேன். கல் உடைக்கிறேன், மண் சுமக்கிறேன் என்றேன். ஓவர்சியர் நல்லவர், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் இல்லை என்றார். அது இன்னும் மோசம். வைது விரட்டுகிறவனைத் திருப்பி வையலாம். தண்ணீர் கொடுத்தவரை என்ன சொல்வது?

பெக்கான் நானாஸில் ஒரு கிராணி வீட்டில் வேலைக்காரி தேடுவதாக மீன் விற்பவர் சொன்னார். பாத்திரம் கழுவ, துணி துவைக்க. போனேன். வீட்டம்மா வாசல்படியிலேயே நின்றுகொண்டு, சமைக்கத் தெரியுமா, துணி வெளுக்க வருமா என்று அன்பாகத்தான் விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். நாளையிலிருந்து வரச் சொல்லப்போகிறாள் என்று மனது குதிக்க ஆரம்பித்தபோது, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“ஆமா, நீங்க என்ன ஆளுங்க?”

அவள் கேட்டது எதை என்று எனக்குத் தெரியும். லயத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு இருமல் கூடக் கேட்கிற இடத்தில் யார் எந்த ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“பால் வெட்டுற ஆளுங்க,” என்றேன்.

“அது இல்லம்மா...”

“எனக்கு அதுதான் தெரியும். எங்கப்பா பால் வெட்டினாரு, எங்கம்மா பால் வெட்டினாங்க, நான் பால் வெட்டினேன். அதுக்கு மேல யாரும் எனக்குச் சொல்லித் தரல.”

யாரும் சொல்லித் தரவில்லை என்றது பொய். கதவைச் சாத்தினாள். நான் வாசலில் நின்று, அவளுக்குக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வந்தேன். அந்த நாலு வார்த்தையை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்தால் இவர் துணி மூட்டை கட்டிக்கொண்டிருப்பார். தினமும் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். “என்ன, கெடச்சுதா?” என்று கேட்பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்பார். நான் காலைக் கழுவுவேன். சில நாள் அவரே தண்ணீர் மொண்டு ஊற்றுவார். அந்தக் காலையும் அவரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். வந்ததை விழுங்கிவிட்டுச் சோற்றைக் கேட்பேன்.

இனி அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், ஊர் உலகமே எனக்கு வேலை தராமல் ஏமாற்றிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். என்னை ஏமாற்றியதில் என் பங்கும் உண்டு.

நான் தினமும் போகிற வழியில் அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கும் ஒரு பேக்டரி இருந்தது. அதன் முதலாளி, தவுக்கே என்போம், ஒரு சீனர். அதன் கேட்டில் ஒருநாள் புதிதாக ஒரு பலகை தொங்கியது. மேலே சீன எழுத்து, கீழே மலாயை எழுதும் ஜாவி எழுத்து. தோட்டத்துப் பள்ளியில் மூன்று வகுப்பு படித்ததால் எனக்குத் தமிழ் வாசிக்க வரும். இது இரண்டும் வராது. ஆனால் மலாய் பேச வரும். சாதாரணமாக இல்லை, பிரமாதமாகப் பேசுவதாக எனக்கு நினைப்பு. லயத்துப் பெண்களுக்குச் சந்தையில் விலை பேசிக் கொடுப்பது நான்தான். பன்னிரண்டு வருடம் இருந்தும் மீன் என்ன விலை என்று கேட்கத் தெரியாத என் கணவரை இதை வைத்து எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே ஒரு மலாய்க்கார அம்மா வாழையிலையில் பலகாரம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பலகையைக் காட்டி, “மாச்சிக், என்ன எழுதியிருக்கு?” என்று மலாயில் கேட்டேன்.

அவர் கண்ணைச் சுருக்கிப் படித்தார். “கெர்ஜா கோசோங்.”

கெர்ஜா என்றால் வேலை. கோசோங் என்றால் எங்களுக்கெல்லாம் தெரிந்த வார்த்தை. பானையில் அரிசி இல்லையென்றால் பானை கோசோங். பாலும் சீனியும் போடாத கோப்பி, கோப்பி கோசோங். மண்டையில் ஒன்றும் இல்லாதவனைத் தலை கோசோங் என்போம். ஆக, வேலை கோசோங். வேலை இல்லை!

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மற்ற இடத்திலாவது கேட்ட பிறகு இல்லை என்றார்கள்; இவன் கேட்பதற்கு முன்பே பலகையில் எழுதி மாட்டிவிட்டானே! இல்லை என்று சொல்ல ஒரு பலகையா, அதற்கு இரண்டு பாஷையா! தூ என்று துப்பிவிட்டு நடந்தேன்.

இரண்டு வாரம் அந்தக் கேட்டைத் தாண்டித் தாண்டிப் போனேன். போகும்போது பலகையை ஒரு முறை முறைப்பேன், வரும்போது ஒரு முறை. உள்ளே போகிற சீனப் பெண்களைப் பார்த்து, இவர்களுக்கு மட்டும் எப்படி வேலை இருக்கிறது என்று பொருமுவேன். ஒருமுறை கூட உள்ளே போய்க் கேட்கவில்லை. எனக்குத்தான் மலாய் தெரியுமே!

லாரி வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த வழியாக வந்தேன். கேட்டில் பலகையைக் காணோம். இல்லை என்கிற பலகையை எடுத்துவிட்டார்கள் என்றால் என்ன அர்த்தம்? பலகாரக்கார அம்மாவிடம் ஓடினேன்.

“மாச்சிக்! பலகை எங்க?”

“எடுத்துட்டாங்க. சுடா பெனோ,” என்றார்.

பெனோ என்றால் நிறைந்துவிட்டது. வேலை நிறைந்துவிட்டதாம்! கொட்டிக் கிடக்கிறதாம்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டுக்குள் ஓடினேன். அன்னாசிப்பழ வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. நீளமான மேசைகளில் பெண்கள் வரிசையாக நின்று கண் எடுக்காமல் பழம் சீவிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்த்த சீனரிடம் போய், வேலைக்கு வந்திருக்கிறேன் என்று சிரித்தேன். அவர் கையை ஆட்டினார்.

“பெனோ! பெனோ!”

“அதான், பெனோ!” என்று நானும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன்.

அவர் மறுபடி சொன்னார். நான் மறுபடி தலையாட்டினேன். பழம் சீவுகிற பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் என் தோளைத் தொடாமல் இரண்டு கையையும் விரித்து, கோழியை ஓட்டுவது போலக் கேட் வரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார்.

பலகாரக்கார அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார வைத்து எனக்கு விளக்கினார். வேலை செய்கிற இடம் காலியாக இருந்தால் அது கெர்ஜா கோசோங்; ஆள் வேண்டும் என்று அர்த்தம். இடமெல்லாம் ஆள் சேர்ந்துவிட்டால் பெனோ. இனி வராதே என்று அர்த்தம். இரண்டு வாரமாக அந்தப் பலகை வா, வா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“நீ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, துப்பிட்டுப் போன. பழச்சாறு பட்டா கை புண்ணாகும், அதான் இந்த வேலை வேணாம்னு போறன்னு நெனச்சேன்,” என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். தவுக்கே மேல் வந்த கோபம், கங்காணி மேல் வந்த கோபம், எல்லாம் திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது. இரண்டு வாரம்! ஒரே ஒரு அடி உள்ளே வைத்திருந்தால் போதும். பேச்சு வரும் என்கிற திமிர். இதற்கு என் வீட்டுக்காரரைப் போல ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாதவன் கையைக் காட்டியாவது கேட்டிருப்பான். அந்த அம்மா ஒரு பலகாரத்தை என் கையில் வைத்தார். வாங்கித் தின்றேன். நல்ல பசி.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. இவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கையில் பிடித்தபடியே, “சரி விடு. அங்க போனா எல்லாம் தமிழ்தான்,” என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் ஏதோ ஒன்றைக் கிளப்பிவிட்டது. தப்பாகப் புரிந்துகொண்டாலும் அது என் பாஷை, நான் துப்பின சடக்கு என் சடக்கு. இதையெல்லாம் விட்டுப் போய், எல்லாம் சரியாகப் புரிகிற ஓர் இடத்தில் நான் என்ன செய்வேன்?

இருந்தாலும் லாரி வந்த அன்று ஏறினேன். ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான் என்று நினைத்துத்தான் ஏறினேன். லாரி எங்களையெல்லாம் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோய் லேபர் ஆபீஸ் வாசலில் இறக்கியது. உள்ளே ஒரு தமிழ்க் கிராணி மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு எழுதினார். என் கணவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், தாலுகா. அவர் கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தினார். அப்புறம் நான். பெயர் கேட்டார், சொன்னேன். அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டே போனார். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் மேல் வரியில் இருந்த அதே கோலத்தைப் பார்த்துப் பார்த்து என் வரியிலும் போடுகிறார் என்பது தெரிந்தது.

தெரியாத எழுத்தைத் தெரிந்த மாதிரி விட்டுவிட்டுப் போகிற வேலை இனி எனக்கு வேண்டாம்.

“என்னங்க எழுதுறீங்க?”

“ஊரு.”

“எந்த ஊரு?”

“ஒம் புருஷன் ஊருதான்.”

“நான் அங்க பொறக்கலீங்க.”

அவர் நிமிர்ந்தார். “அப்ப ஒன் ஊரு எது?”

“இதுதான். ஜொகூர்.”

“ஏம்மா, இது ஊரா? இது வேலைக்கு வந்த எடம்.”

“நான் வேலைக்கு வரல. இங்க பொறந்தேன். வேலை போயிட்டா பொறந்த எடமும் போயிடுமா?”

என் கணவர் என் முழங்கையைப் பிடித்தார். கிராணி தாளில் விரலை வைத்துக் காட்டினார். “இங்க பாரு, சொந்த ஊருக்குத் திரும்பிப் போக விருப்பம்னு எழுதியிருக்கு. அதுக்குத்தான் இந்தத் தாள்.”

“போகாத எடத்துக்கு எப்படிங்க திரும்புறது?”

யாரோ சிரித்தார்கள். அவருக்குப் பொறுமை போய்விட்டது. பின்னால் அவருக்கு இன்னும் இருபது குடும்பம் இருந்தது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பேனாவை வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்:

“ஜொகூருக்கெல்லாம் கப்பல் கெடையாதும்மா!”

“வேணாங்க. நடந்தே போயிக்கிறேன்.”

இந்த முறை எல்லோருமே சிரித்தார்கள். நான் மைப் பக்கம் விரலைக் கொண்டுபோகாமல் வெளியே வந்துவிட்டேன். பயம்தான், வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவர் பின்னாலேயே வந்தார். நீலம் ஆன கட்டைவிரலை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாம என்ன பேசிக்கிட்டோம்?” என்றார்.

“வேலை கெடைக்கலன்னா கப்பல்னு பேசிக்கிட்டோம்.”

“கெடச்சுதா?”

“கெடைக்கல. நீங்க சொன்ன சொல்ல மாத்தல. மாத்துறது நாந்தான்.”

எனக்காக அவரும் தங்கிவிடுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். தனக்காக நானும் ஏறிவிடுவேன் என்று அவரும் எதிர்பார்த்திருப்பார். அவருக்கு அம்மா காத்திருந்தாள். பன்னிரண்டு வருடம் ஒருத்தி காத்திருப்பதை என் ஆசைக்காக இல்லையென்று ஆக்க என்னால் முடியவில்லை.

சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் போகிற லாரி சாயங்காலம் புறப்பட்டது. மூட்டையை அவிழ்த்து என் சேலைகளை எடுத்துக் கையில் கொடுத்தார். கம்பளியையும் கொடுத்தார், நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்தவரை நெருக்கி உட்காரச் சொல்லி எனக்கு ஓர் இடம் பண்ணினார். இஞ்சினைக் கிளப்பும் வரை அந்த இடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். அழுகையை நான் விழுங்கவில்லை; விழுங்கி முடியாத அளவு வந்தது.

“வேலையும் இல்ல, வீடும் இல்ல,” என்றார் மேலிருந்து. “நாளைக்கு எந்திரிச்சு என்ன புள்ள பண்ணுவ?”

“தேடுவேன்,” என்றேன்.